சுவரைத் துளைச்சு சூரியனைத் தேடின ஷெட்!

ஜெனீவா ஏர்போர்ட்ல இறங்கினா எல்லாரும் ஏரிக்கரைக்கும் சாக்லேட் கடைக்கும்தான் ஓடுவாங்க. நீங்க அப்படியே பிரான்ஸ் எல்லையைத் தாண்டி, ஃபெர்னே-வோல்டேர் பக்கம் வாங்க. செர்ன் ஆய்வகத்தோட 'பாயின்ட் 8' இங்கேதான் இருக்கு. பாதாளத்துல ஓடுற எல்.ஹெச்.சி. வளையத்தை விடுங்க... அது ஏற்கெனவே ஸ்டார்! நம்ம ஹீரோ தரைமேல, ஒரு சாதாரண ஷெட்டுக்குள்ள இருந்தது. பேரு 'காஸ்ட்'.

எல்.ஹெச்.சி.க்கு மாதிரியா செஞ்சு, பிறகு ஓரங்கட்டப்பட்ட காந்தம் அது. 9 மீட்டருக்கு மேல நீளம், 9 டெஸ்லா பலம், மைனஸ் 271 டிகிரி குளிர்! 2003-லிருந்து தினமும் உதயத்துல ஒன்றரை மணி நேரம், அஸ்தமனத்துல ஒன்றரை மணி நேரம், சூரியன் பின்னாடியே மெதுவா நகர்ந்தது. சுவர் மறைக்காதானு கேட்கிறீங்களா? இது தேடினது வெளிச்சத்தை இல்லீங்க, ஆக்ஸியானை! சூரியனோட நடுவுல பிறக்கலாம்னு சொல்றாங்களே, அந்தத் துகள். சுவர், மலை எதையும் சட்டை பண்ணாம புகுந்து வரும். பலமான காந்தப்புலத்துல மட்டும் எப்பவாவது எக்ஸ்ரேயா மாறும். (ஆக்ஸியான்ங்கிறது அமெரிக்காவுல ஒரு சலவைத் தூளோட பேரு. வில்செக் அதைத்தான் சுட்டு வெச்சார். கறையை நீக்குதாம்!)

அந்த ஒரே ஒரு எக்ஸ்ரேயை எப்படிப் பிடிக்கிறது? அதுக்குத்தான் 'மைக்ரோமெகாஸ்'. சின்ன வாயு அறை, உள்ளே மெல்லிசா ஒரு உலோக வலை. எக்ஸ்ரே வாயுவுல மோதினா எலெக்ட்ரான்கள் சிதறும். வலைக்குக் கீழே, முடி தடிமனே இருக்கிற இடுக்குல, அது ஆயிரக்கணக்கா பெருகி சிக்னலாகும். எக்ஸ்ரே விட்டுட்டுப் போறது குட்டிப் புள்ளி. காஸ்மிக் கதிர்னா நீளமா கோடு. கோடுன்னா தூக்கிப் போடு!

ஆனா, நிஜத் தலைவலி கதிரியக்கம். டிடெக்டர் செஞ்ச உலோகத்துலயே துளி இருந்தாலும் போலிப் புள்ளி விழும். அதனால சுத்தமான செம்பு, சுத்தி ஈயக் கவசம்னு வருஷக்கணக்கா மெனக்கெட்டாங்க. கடைசியில, சூரியன் விழவேண்டிய இடத்துல போலி சிக்னல் ரெண்டு வாரத்துக்கு ஒண்ணு கணக்குக்குக் குறைஞ்சது. எனக்கு ஆக்ஸியானைவிட இந்த அமைதிதான் பெரிய ஆச்சர்யம்!

ரிசல்ட்? 2017, 2024 ரெண்டு அறிவிப்புலயும் ஆக்ஸியான் சிக்கலை. 'இதுக்கு மேல பலமா இருந்திருந்தா மாட்டியிருக்கும்'னு ஒரு எல்லைக்கோடு மட்டும் போட்டாங்க. பல பேரோட பிஹெச்.டி. அந்தக் கோட்டுலதான் நிக்குது.

அடுத்த ஸ்டாப் ஹாம்பர்க். டெஸி ஆய்வகத்துல, 2007-ல் மூடின ஹெரா முடுக்கியோட பாதாளக் கூடத்துல 'பேபி ஐயாக்ஸோ' வைக்கத் திட்டம். பேருதான் பேபி... குழாய் ஒவ்வொண்ணும் 70 செ.மீ. அகலம், தினமும் 12 மணி நேரம் சூரியனைத் துரத்துமாம்!