சைக்கிளுக்கு மாறும் அந்தச் சில நிமிடங்கள்



நம் வாலிபர் ஒருவர் டிரையத்லான் போட்டிக்கு ஆயத்தமாகி வருகிறார். நீந்தி, சைக்கிள் ஓட்டி, அதன்பின் ஓடி முடிக்க வேண்டிய போட்டி அது. ஒலிம்பிக்கில் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம் என வகுத்திருக்கிறார்கள். ஆராதனை முடிந்தபின் அவர் என்னிடம், "பாஸ்டர், நீந்திக் கரையேறிச் சைக்கிளை எடுக்கவே எனக்கு நான்கு நிமிடம் போய்விடுகிறது, இன்னும் பரபரப்பாகச் செய்ய வேண்டும் போலிருக்கிறது" என்றார். பரபரப்பு உதவாது என்றேன். ஏன் என்பதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2012 இலண்டன் ஒலிம்பிக்கை நினைவுகூருங்கள். சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓடி, தரையில் வரைந்த ஒரு கோட்டைத் தாண்டிய பின்னரே ஏற வேண்டும் என்பது விதி. பிரிட்டன் வீரர் ஜோனதன் பிரவுன்லீ அந்தக் கோட்டுக்கு முன்பே ஏறிவிட்டார். 15 விநாடி தண்டனை! ஓட்டத்தின் நடுவே நின்று அதைக் கழித்தார். அவருடைய அண்ணன் அலிஸ்டர் தங்கம் வென்றார், ஸ்பெயினின் ஹாவியர் கோமெஸ் வெள்ளி, ஜோனதனுக்கு வெண்கலம். கோமெஸுக்கும் அவருக்கும் இடையே 20 விநாடிகளே இருந்தன. அவற்றில் 15 எங்கே போயின என்பது உலகறிந்தது. நின்று மீண்டும் ஓடத் தொடங்கியவருடைய மூச்சும் மனமும் எவ்வளவு இழந்தன என்பதை எந்தக் கடிகாரமும் காட்டாது. அதே ஒலிம்பிக்கின் மகளிர் போட்டியிலோ நிக்கோலா ஸ்பிரிக், லிசா நோர்டென் இருவரும் ஒரே நேரத்தில் முடிக்க, முதலிடத்தைப் புகைப்படமே தீர்மானித்தது.

ஆகவே உங்களில் எவரேனும் இப்போட்டியில் இறங்கினால், கைகளை விரைவுபடுத்துவதற்கு முன், கைகளுக்குரிய வேலையைக் குறையுங்கள். முதன்முறை வருகிறவர் நேரத்தை இழப்பது பெரும்பாலும் யோசனையில்தான்: துண்டை எடுக்கலாமா, காலுறை போடலாமா, என் சைக்கிள் எந்த வரிசை? போட்டிக்கு முன்பே நீரிலிருந்து வரும் வழியையும் சைக்கிளோடு வெளியேறும் வழியையும் நடந்து பாருங்கள். வரிசைகளை எண்ணி வையுங்கள். பக்கத்திலுள்ள சிவப்புச் சைக்கிளை அடையாளமாகக் கொள்ளாதீர்கள். நீங்கள் வருமுன் அது புறப்பட்டுப் போயிருக்கும்.

குளிர்ந்த நீருக்காக வெட்சூட் அணிந்திருந்தால், ஓடிவரும்போதே ஜிப்பைத் திறந்து இடுப்புவரை இறக்கிவிடுங்கள். உள்ளே நீர் இருக்கும்வரை அது வழுக்கிக்கொண்டு வரும். நீர் வடிந்துவிட்டால் தோலோடு ஒட்டிக்கொண்டு படாத பாடு படுத்தும். ஹெல்மெட்டின் வார்களைத் திறந்து, ஹேண்டில்பாரின் மேல் கவிழ்க்காமல் மல்லாத்தி வையுங்கள். அதை அணிந்து கொக்கியை மாட்டிய பிறகே சைக்கிளைத் தொட வேண்டும். திரும்பி வந்து சைக்கிளைக் கம்பியில் மாட்டிய பிறகே கழற்ற வேண்டும். இந்த ஓரிடத்தில் விநாடியை மிச்சம் பிடிக்கவே முயலாதீர்கள்.

தேர்ந்த வீரர்கள் காலணிகளைப் பெடலிலேயே பொருத்தி, அவை தொங்காதபடி ரப்பர் பேண்டினால் கட்டி வைத்து, ஓட்டிக்கொண்டே பாதங்களை நுழைப்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் முதல் போட்டியில் அது வேண்டாம் என்பதே என் எண்ணம். நின்று அணிவதில் போகும் பத்து விநாடியைவிட, நிலைதடுமாறி விழுந்து, பின்னால் வருகிறவரையும் வீழ்த்துவது பெரிய இழப்பு.

சைக்கிளிலிருந்து ஓட்டத்திற்கு மாறுவது எளிது. எலாஸ்டிக் லேஸ் கட்டிய காலணி, உள்ளே சிறிது பவுடர், அவ்வளவே. தொப்பியைக் கையிலெடுத்துக்கொண்டு ஓடுங்கள், ஓடிக்கொண்டே அணியலாம். கால்கள் மட்டும் முதலில் மரக்கட்டைபோல் கனக்கும். சைக்கிளின் கடைசி நிமிடங்களில் இலகுவான கியருக்கு மாறி வேகமாய் மிதித்து வந்தால் சற்றுத் தேறும்.

இவற்றை வீட்டு முற்றத்திலேயே பழகலாம். ஒரு வாளித் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, ஈரக் கையோடு ஹெல்மெட் கொக்கியை மாட்டிப் பாருங்கள். முதல் நாள் விரல்கள் தடவிக்கொண்டிருக்கும். பத்தாம் முறை, கண்ணை மூடிக்கொண்டு மாட்டுங்கள்.