நான் குடிக்காத தண்ணீர்

"நீங்க குடிக்கிற தண்ணியத்தானேண்ணே எங்களுக்கும் குடுக்குறீங்க?" என்று கேட்டார் பக்கத்து வீட்டுப் பெண். இடுப்பில் குடம், சேலையைப் பிடித்தபடி ஆறு வயது மகன். "ஆமாம்மா" என்றேன். பொய் சொன்னேன்.

2022 ஜூலை முதல் வாரம் அது. காரைக்காலில் காலரா. 3ஆம் தேதி பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்தார்கள். பள்ளி, கல்லூரிகளுக்கு மூன்று நாள் விடுமுறை விட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் வயிற்றுப்போக்கோடு மருத்துவமனைக்குப் போனார்கள். குடிநீர்க் குழாயில் கழிவுநீர் கலந்துவிட்டதாகப் பேச்சு. நிரவிப் பக்கம் இருக்கும் எங்கள் தெருவில் குழாயைத் திறக்கவே பயந்தார்கள். உறைக்கிணறு இருந்த வீடு எங்களுடையது. வாசலைத் திறந்துவிட்டேன். "அப்பா காலத்துக் கிணறு, பயப்படாம எடுத்துக்கிட்டுப் போங்க" என்று எல்லோரிடமும் சொன்னேன். அப்படிச் சொல்வதில் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஆனால் நாங்கள் அந்தத் தண்ணீரை நேராகக் குடிப்பதை விட்டு இரண்டு வருடம் ஆகியிருந்தது. எங்கள் சமையலறைச் சுவரில் ஆர்.ஓ. இயந்திரம் இருந்தது.

அதை வாங்கிய கதையிலும் என் குற்றம் இருக்கிறது. கிணற்று நீரைச் சுத்தம் செய்ய யாரைக் கேட்பது என்று தெரியாமல் இரண்டு, மூன்று கடைகளில் விசாரித்தேன். வந்தவர்கள் எல்லோரும் டம்ளரில் டிடிஎஸ் மீட்டரை முக்கிப் பார்த்தார்கள். 640 என்று காட்டியது. 500க்கு மேல் போனால் மெஷின் வேண்டும் என்றார்கள். அந்த மீட்டர் கரைந்திருக்கும் உப்பை மட்டுமே காட்டும், கிருமியைக் காட்டாது. கக்கூஸ் குழி எங்கே இருக்கிறது என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை. கேட்காததில் எனக்கு நிம்மதி. ஏனென்றால் பதில் எனக்குத் தெரியும்.

எங்கள் வீட்டுக் குழி கிணற்றிலிருந்து இருபத்திரண்டு அடி. உறை இறக்கிய குழி, அடியில் தளம் இல்லை. கிணற்றுக்கும் குழிக்கும் குறைந்தது 15 மீட்டர், அதாவது ஐம்பது அடி இடைவெளி வேண்டும். குழி வெட்டும்போதே கொத்தனார், "கிணறு கிட்டக்க இருக்கேண்ணே" என்றார். கொல்லையில் மாட்டுக்கொட்டகையை நகர்த்த மனமில்லாமல், "பரவாயில்ல, போடுங்க" என்றேன். கடலோரத்து மணல் பூமி இது. நீர் ஊறுவது பத்தடியில். மழைக்காலத்தில் இன்னும் மேலே ஏறிவிடும். குழியில் இறங்குவது மணல் வழியே எங்கே போகும் என்பதற்குப் படிப்பு வேண்டியதில்லை. எங்கள் குடும்பத்துக்கு மட்டும் ஆர்.ஓ. சவ்வு வைத்து வடிகட்டிக்கொண்டேன். ஊருக்கு வாசலைத் திறந்துவிட்டேன்.

நாலாம் நாள் அந்தப் பையனுக்கு வாந்தி பேதி. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். பிழைத்துவிட்டான். ஊரெங்கும் நோய் இருந்த நேரம், எதனால் வந்தது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. யாருக்கும் தெரியாது என்பதற்குள் நான் பல மாதம் ஒளிந்திருந்தேன்.

அதன் பிறகுதான் சோதனை செய்தேன். எச்2எஸ் குப்பி என்று ஒன்று இருக்கிறது, 1982இல் இந்திய ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை. கிணற்று நீரைக் கோடு வரை ஊற்றி நிழலில் வைத்தேன். மறுநாள் காலை கறுத்திருந்தது. மலக்கிருமி இருக்கக்கூடும் என்று அர்த்தம். குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம், ஐ.எஸ். 10500, 100 மில்லி நீரில் ஈ. கோலை ஒன்றுகூட இருக்கக் கூடாது என்கிறது. ஆய்வுக்கூடத்துக்கும் கொடுத்தேன். தாளில் அதே பதில் வந்தது. அந்த இரண்டு சோதனைக்கும் சேர்த்து ஆன செலவு, நான் இயந்திரத்துக்குக் கொடுத்ததில் சிறு பங்குகூட இல்லை. ஜல் ஜீவன் திட்டத்தின் சோதனைக்கூடங்களில் குறைந்த கட்டணத்துக்குப் பொதுமக்களும் தண்ணீரைச் சோதித்துக்கொள்ளலாம். முதலில் சோதனை, அதற்குப் பிறகுதான் எந்த மெஷின் என்ற கேள்வி. நான் தலைகீழாகச் செய்தேன்.

தளம் போட்ட தொட்டி கட்டி, அதை ஐம்பது அடிக்கு அப்பால் தள்ளினேன். பழைய குழியைக் காலி செய்து மூடினேன். மாட்டுக்கொட்டகை போயிற்று. கிணற்றுக்கு பிளீச்சிங் பவுடர் போடக் கற்றுக்கொண்டேன். நாலடி விட்டம், பத்தடி நீர் என்றால் ஏறத்தாழ 3,500 லிட்டர். ஆயிரம் லிட்டருக்கு இரண்டரை கிராம் கணக்கில் ஒன்பது கிராம் போதும். வாளியில் கரைத்து, சுண்ணாம்பு படிந்ததும் தெளிவை மட்டும் கிணற்றில் இறக்கிக் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் யாரும் மொள்ளக் கூடாது. இதை அந்த ஜூலையிலேயே செய்திருக்கலாம்.

கடைசியாகப் பக்கத்து வீட்டுக்குப் போனேன். "அன்னைக்கு நான் குடிச்சது அந்தத் தண்ணி இல்லம்மா. குழி கிட்டக்க இருந்ததும் எனக்குத் தெரியும்" என்றேன். அவர் வெகுநேரம் ஒன்றும் பேசவில்லை. பையன் திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா காய்ச்சியாவது குடுத்திருப்பேனேண்ணே" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

இப்போது கிணற்றுச் சுவரில் கடைசியாகச் சோதித்த தேதியையும் முடிவையும் சாக்பீஸால் எழுதிவைக்கிறேன். கீழே, "காய்ச்சிக் குடிக்கவும்" என்று பெயின்ட்டில் எழுதியிருக்கிறது. அவர் இன்னும் எங்கள் கிணற்றுக்கு வரவில்லை. வரச் சொல்லிக் கேட்கும் உரிமை எனக்கு இல்லை.