ஐ-க்கும் ஜே-க்கும் நடுவே

சித்தூரில் எங்கள் வீட்டில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். வீட்டுப் பேச்சு தமிழ், பள்ளிக்கூடம் தெலுங்கு. 1960இல் எல்லையைத் திருத்தியபோது அத்தை வாழ்க்கைப்பட்ட திருத்தணி தமிழ்நாட்டோடு சேர்ந்தது, சித்தூர் ஆந்திராவிலேயே தங்கிவிட்டது. நைனா அத்தைக்கு எழுதும் இன்லண்டு லெட்டரில் சொல்லெல்லாம் தமிழ், எழுத்தெல்லாம் தெலுங்கு. ‘பங்கு’ என்று தமிழில் எழுதிவிட்டால், அந்தக் ‘கு’வை எப்படி ஒலிப்பது என்பதைப் படிப்பவர் நாக்கு பார்த்துக்கொள்ளும். தெலுங்கில் ஒலிக்கு ஓர் எழுத்து. எழுதுகிறவரே முடிவு செய்தாக வேண்டும். ‘ழ’வுக்கோ புழக்கத்தில் எழுத்தே கிடையாது. ‘ள’ போட்டுச் சமாளிக்க வேண்டியதுதான்.

இதையெல்லாம் எனக்கு மறுபடி ஞாபகப்படுத்தியது ஒரு மெயின்ஃபிரேம். 1990களில் சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. யூனிக்ஸில் பிறந்து வளர்ந்த ஒரு சின்ன நிரல்மொழியை ஐபிஎம்மின் விஎம்/சிஎம்எஸ் இயங்குதளத்தில் ஓடவைக்க வேண்டும். விநோதமான ஊர் அது. ஒரே பெரிய இயந்திரம், உள்ளே வரும் ஒவ்வொருவருக்கும் தனி இயந்திரம் இருப்பதுபோலக் காட்டும். கோப்பின் பெயர் எட்டு எழுத்துக்கு மேல் நீளக்கூடாது. பக்கத்து சீட்காரருக்கு ஒரு கோப்பை அனுப்பினால் அது அவருடைய ‘ரீடரில்’ போய் விழும். ரீடர் என்றால் துளை அட்டை படிக்கும் கருவி. அறையில் அட்டை ஒன்றுகூடக் கிடையாது. அட்டைக் காலத்துப் பேச்சு மட்டும் போகவில்லை.

மூலநிரல் சி-யில் இருந்தது. தடங்கலில்லாமல் கம்பைல் ஆயிற்று. மூன்று வரிச் சோதனை நிரல் ஒன்றைக் கொடுத்தேன். மூடும் நெளி அடைப்புக்குறியைக் காணோம் என்று பிழை காட்டியது. பச்சைத் திரையில் அந்தக் குறி என் கண்ணெதிரே இருந்தது. டேப்பிலிருந்து இறக்கும்போது கெட்டுப்போயிருக்குமோ என்று இயந்திரத்துக்குள் அந்தக் குறியைக் குறிக்கும் எண்ணைப் பார்த்தேன். 208. சரிதான். திறக்கும் குறி 192, அதுவும் சரி. திறப்பதைப் புரிந்துகொள்கிறது, மூடுவதைப் பார்க்கவே மாட்டேன் என்கிறது. மூன்று நாள் இப்படியே போயிற்று.

குற்றவாளி ஒரே ஒரு வரி. வந்த குறியின் எண் ‘ஏ’யிலிருந்து ‘இஸட்’ வரைக்குள் இருக்கிறதா, அப்படியானால் அது எழுத்து என்றது அந்த வரி. எழுதியவரின் இயந்திரம் குறிகளுக்கு எண் வைப்பது ஆஸ்கி முறையில். அதில் ஏ 65, இஸட் 90, நடுவே இடைவெளி இல்லை. ஐபிஎம் 1964இல் சிஸ்டம்/360ஓடு கொண்டுவந்த எப்சிடிக் முறை வேறு மாதிரி. துளை அட்டையில் எழுத்துகள் ஒன்பது, ஒன்பது, எட்டு என்று மூன்று கட்டாகப் பிரிந்திருந்தன. அந்தப் பிரிவு அப்படியே எண்களுக்கும் வந்தது: ஏ முதல் ஐ வரை 193–201, ஜே முதல் ஆர் வரை 209–217, எஸ் முதல் இஸட் வரை 226–233. 26 பேர் 41 நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஐ-க்கும் ஜே-க்கும் நடுவே, ஜே-யின் தோளை ஒட்டி 208ஆம் நாற்காலியில், நான் தேடிய அடைப்புக்குறி. நிரல்மொழி அதையும் எழுத்தென்று நம்பி, முன்னால் நின்ற பெயரின் வாலில் சேர்த்து விழுங்கியிருக்கிறது. திறக்கும் குறி ஏ-க்கு ஒரு நாற்காலி முன்னால் இருந்ததால் பிழைத்தது.

இதே வரி எல்லா மெயின்ஃபிரேமிலும் மாட்டிக்கொண்டிருக்காது. சென்னை ஐஐடியில் 1973இல் ஜெர்மன் உதவியில் வந்தது ஐபிஎம் 370/155. பிற்பாடு அங்கே சீமென்ஸ் மெயின்ஃபிரேம் வந்தது. அதன் இயங்குதளம் பிஎஸ்2000. பெர்ல் என்ற நிரல்மொழியை அந்த இயங்குதளத்துக்கும் கொண்டுபோயிருக்கிறார்கள். அந்த இயங்குதளமும் எப்சிடிக் குடும்பம்தான். ஆனால் பெர்ல் ஆவணத்தில் பிஎஸ்2000க்குத் தந்திருக்கும் அட்டவணையில் மூடும் குறி 253, இஸட்டைத் தாண்டி எங்கேயோ. என் அடைப்புக்குறி அங்கே சமர்த்தாக மூடியிருக்கும். தப்பு வரி தப்பாகவே, யாருக்கும் தெரியாமல் உட்கார்ந்திருக்கும்.

திருத்தம் சுலபம். எண்ணை நானே அளந்து பார்க்காமல், ‘இது எழுத்தா?’ என்று அந்த இயந்திரத்தின் சி நூலகத்தையே கேட்கவைத்தேன். அடுத்த தகராறு வரிசை. ஆஸ்கியில் இலக்கங்கள் எழுத்துக்கு முன்னால். எப்சிடிக்கில் எல்லா எழுத்துக்கும் பின்னால். அகரவரிசைச் சோதனைகள் வரிசையாகத் தோற்றன. நிரலைத் தொடவில்லை, சோதனையை மாற்றினேன். அந்த ஊர் வழக்கம் அது.

அந்த வாரக் கடைசியில் சித்தூர் போய், நைனாவோடு திருமலைக்குப் போனேன். அங்குள்ள கல்வெட்டுகளில் பெரும்பாலானவை தமிழ். தமிழ் எழுத்துக்கு அடங்காத வடமொழி ஒலி வரும் இடங்களில் கல் வெட்டியவர்கள் கிரந்த எழுத்தைக் கடன் வாங்கிக்கொள்வார்கள்; கல்வெட்டுகளைத் தொடங்கும் ‘ஸ்வஸ்திஸ்ரீ’யே அப்படி வந்ததுதான். கியூவில் நகர்ந்தபடி என் மூன்று நாள் கதையைச் சொன்னேன்.

“உங்கத்தை மகன் கதை மாதிரி இருக்குதேடா” என்றார் நைனா. “அவங்கம்மா கிட்ட தெலுங்கு எழுத்து கத்துக்கிட்டு என் லெட்டரை அவனே படிச்சான். மாம்பளம், கோளின்னு வாசிச்சானாம். அதுவரைக்கும் எங்களுக்குத் தெரியவே இல்லை. நானும் உங்கத்தையும் ‘ள’வைப் பார்த்தே ‘ழ’ன்னு படிச்சிட்டிருந்தோம்.”

“அப்புறம் என்ன பண்ணீங்க?”

“ ‘ழ’ வர்ற இடத்துல எல்லாம் கீழே ஒரு புள்ளி வெச்சேன்.”

அந்தப் புள்ளி சித்தூருக்கும் திருத்தணிக்கும் நடுவே மட்டும்தான் செல்லும். வேறு எவர் கையில் கடிதம் கிடைத்தாலும் மைத்துளி என்றுதான் நினைப்பார். திங்கட்கிழமை ஆபீசுக்குப் போனதும் முதல் வேலையாக, நான் மாற்றிய வரிக்கு மேலே, அது ஏன் அப்படி இருக்கிறது என்று அடுத்து வருகிறவருக்காக இரண்டு வரிக் குறிப்பு எழுதி வைத்தேன்.