தாத்தா சொல்லாத கதை

எங்கள் வீட்டில் இரவு பத்து மணிக்குமேல் சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டால், அது தாத்தாதான். ஆறு போத்தல்கள். ஒவ்வொன்றையும் கழுத்துவரை நிரப்பி, மூடியை இறுக்கி, மேசையில் வரிசையாக வைத்துவிட்டுத்தான் படுக்கப் போவார். குழாயைத் திறந்தால் நாள் முழுவதும் தண்ணீர் கொட்டும் ஈசூன் அடுக்குமாடி வீட்டில் இது எதற்கு என்று நாங்கள் கேலி செய்வோம். "கப்பல் புத்தி, விடுங்க" என்பார் பாட்டி. நானும் நீண்ட காலம் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

2023-ஆம் ஆண்டு, தம் 75-ஆவது வயதில் தாத்தா காலமானார். அவரைப் பற்றி எழுத வேண்டும் என்று அப்போதே தோன்றியது. ஆனால், எதிலிருந்து தொடங்குவது என்றுதான் தெரியவில்லை. அவர் ஆயிரம் முறை சொன்ன கதை ஒன்று இருக்கிறது. ஒரே ஒரு முறை சொன்ன கதையும் ஒன்று இருக்கிறது.

தாத்தா பிறந்தது 1948-இல், செம்பவாங்கில். பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பதற்காகத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்தவர் அவருடைய அப்பா. 1938-இல் திறக்கப்பட்ட அந்தத் தளத்தை நம்பித் தமிழர்களும் மலையாளிகளும் பெருந்திரளாக அங்கே குடியேறியிருந்தார்கள். சைரன் ஊதினால் வேலை, மறுபடி ஊதினால் வீடு. அந்தச் சத்தத்தில்தான் தாத்தா வளர்ந்தார். 1968-இல், பிரிட்டிஷ் படைகள் 1971-க்குள் வெளியேறிவிடும் என்ற அறிவிப்பு வந்தபோது, அந்தக் குடியிருப்புகளில் பல வீடுகளில் அடுப்பு எரியுமா என்ற பயம் வந்ததாம். தாத்தா அடுத்த ஆண்டே கடற்படையில் சேர்ந்துவிட்டார். "வெள்ளைக்காரன் கப்பலை எடுத்துக்கிட்டுப் போறான். நம்ம கப்பலுக்கு ஆள் வேணுமில்ல?" என்று அப்பாவிடம் சொன்னாராம். அப்போது நம் கடற்படை மிகச் சிறியது. 1967 மே 5-ஐத்தான் அது தன் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறது. விரல்விட்டு எண்ணக்கூடிய கப்பல்கள்தான் இருந்தன.

தாத்தாவுக்குக் கிடைத்தது இயந்திர அறை வேலை. 29 ஆண்டுகள் அதிலேயே கழிந்தன. வாரண்ட் ஆபீசராக 1998-இல் ஓய்வு பெற்றார். வெயில், காற்று, அலை என்று கடலைப் பற்றி அவர் பேசி நான் கேட்டதில்லை. "நாங்க கடலைப் பார்த்ததே குறைவும்மா. கீழே எஞ்சினைத்தான் பார்த்துக்கிட்டு இருப்போம்" என்பார். கப்பல் எங்கே போகிறது என்பது மேலே நிற்பவர்களுக்குத் தெரியும். போகிறதா இல்லையா என்பது தனக்குத் தெரியும் என்று சிரிப்பார்.

வீட்டில் அவர் வேறொரு மனிதர். சம்பள உறையைப் பிரிக்காமல் பாட்டி கையில் கொடுத்துவிடுவார். கடலுக்குப் போய் வாரக்கணக்கில் வராமல் இருந்து, திரும்பிய மறுநாள் காலை ஐந்து மணிக்கே எழுந்து, மூன்று பிள்ளைகளின் பள்ளிச் சீருடைகளுக்கும் இஸ்திரி போடுவார். அம்மாவுக்கும் சித்திக்கும் அவரே தலை வாரி இரட்டை ஜடை போட்டு அனுப்புவார். பக்கத்து வீட்டுக்காரர்கள் சிரித்தால், "கயிறு திரிக்கத் தெரிஞ்ச கைக்கு ஜடை பின்னத் தெரியாதா?" என்பாராம். புனிதமரம் ஸ்ரீ பாலசுப்பிரமணியர் ஆலயத்தில் பங்குனி உத்திரம் என்றால், விடுப்புக் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் எப்படியாவது பால்குடம் எடுத்துவிடுவார். தாம் உயர்நிலைப் பள்ளியோடு நின்றவர், மூன்று பிள்ளைகளில் இருவரைப் பல்கலைக்கழகம்வரை படிக்கவைத்தார்.

இனி, அவர் ஆயிரம் முறை சொன்ன கதை. அது லாஜு கதை.

1974 ஜனவரி 31. ஆயுதம் ஏந்திய நான்கு பேர் புக்கோம் தீவில் இருந்த ஷெல் எண்ணெய் ஆலையைத் தாக்கினார்கள். பிறகு லாஜு என்ற பயணிகள் படகைக் கடத்தி, அதன் ஊழியர்களைப் பிணையாகப் பிடித்துக்கொண்டார்கள். கடற்படைப் படகுகளும் கடலோரக் காவல் படகுகளும் லாஜுவைச் சுற்றி வளைத்தன. அந்தப் படகுகளுள் ஒன்றின் இயந்திர அறையில் தாத்தா இருந்தார். கல்யாணமாகி ஐந்து மாதம். "எந்த நேரமும் கிளம்பணும், ஆனா கிளம்பக்கூடாது. எஞ்சினைச் சூடாவே வச்சிருக்கணும்" என்று சொல்லும்போது அவர் கைகள் அந்தப் பழைய இயந்திரத்தைத் தடவுவதுபோல அசையும். கடைசியில் எஸ். ஆர். நாதன் தலைமையில் 13 அரசாங்க அதிகாரிகள் அந்த நால்வருடன் குவைத்துக்குப் போய்ப் பத்திரமாகத் திரும்பினார்கள். பின்னாளில் அதே நாதன் நாட்டின் அதிபரானபோது, தொலைக்காட்சியைச் சுட்டிக்காட்டி, "நம்ம ஆளு, பார்த்தியா?" என்று பேரப்பிள்ளைகளிடம் எல்லாம் பெருமைப்பட்டிருக்கிறார். தீபாவளிக்கு யார் வீட்டுக்கு வந்தாலும் முறுக்கோடு லாஜுவும் கிடைக்கும்.

2021-இல், முதலாண்டுப் பாடம் ஒன்றுக்காக வீட்டிலுள்ள மூத்தவர் ஒருவரைப் பேட்டி கண்டு எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. கைப்பேசியை மேசையில் வைத்து ஒலிப்பதிவைத் தொடங்கினேன். தாத்தா சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலை சீவி வந்து உட்கார்ந்தார். லாஜு கதை நாற்பது நிமிடம் ஓடியது. பேட்டிக்கு முன்பு கொஞ்சம் படித்துவிட்டு வந்த பெருமையில், "அடுத்த வருஷம் வியட்நாம் அகதிகள் வந்தாங்களே, அப்போ நீங்க எங்கே இருந்தீங்க தாத்தா?" என்று கேட்டேன்.

தாத்தா கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தார்.

"ரெக்கார்டரை நிறுத்தும்மா" என்றார்.

நான் படித்தது இவ்வளவுதான். சிங்கப்பூர்க் கடற்படை தனிப் படையாக உருவானது 1975 ஏப்ரல் 1. சைகோன் வீழ்ந்தது அதே ஏப்ரல் 30. மே மாதத் தொடக்கத்தில் அகதிகளின் கப்பல்களும் படகுகளும் நம் கடல் எல்லைக்குள் வரத் தொடங்கின. மொத்தம் 8,000-க்கும் மேற்பட்ட மக்கள். அவர்களைக் கரையில் இறக்குவதில்லை என்று அரசாங்கம் முடிவெடுத்தது. உணவு, தண்ணீர், எரிபொருள், மருந்து கொடுத்து, பழுதான படகுகளைச் சரிசெய்து, அவர்களைக் கடலுக்கே திரும்ப அனுப்பிவைக்க வேண்டும். அந்த நடவடிக்கைக்குத் 'தண்டர்ஸ்டார்ம்' என்று பெயர். ஒரு மாத வயதுடைய கடற்படைக்கு அது பெரிய வேலை.

தாத்தா சொன்னதை அவர் சொன்னபடியே நினைவிலிருந்து எழுதுகிறேன்.

"மரப்படகும்மா. மீன்பிடிப் படகு மாதிரி. எத்தனை பேர்னு எண்ண முடியல. உட்கார இடமில்லாம நின்னுக்கிட்டே வந்திருக்காங்க. எஞ்சின் நின்னுபோச்சு. என்னை இறங்கிப் பார்க்கச் சொன்னாங்க."

இறங்கும்போது, இயந்திரத்துக்குப் போகும் வழியில் ஒரு பெண் கைக்குழந்தையோடு உட்கார்ந்திருந்தாளாம். என் அம்மாவுக்கு அப்போது எட்டு மாதம். அந்தக் குழந்தைக்கும் ஏறக்குறைய அதே வயது இருக்கும். அவள் கையைக் குவித்துத் தண்ணீர் கேட்டாள். தாத்தாவின் இடுப்பில் இருந்த போத்தலில் பாதிதான் இருந்தது. அதைக் கொடுத்தார்.

"அப்புறம் டின் டின்னாத் தண்ணி ஏத்தினோம். அரிசி, பால் டின் எல்லாம் குடுத்தோம். ஆனா, அவ கேட்டப்போ என்கிட்ட பாதிதாம்மா இருந்துச்சு."

டீசலில் தண்ணீர் கலந்திருந்தது. ஃபில்டரைக் கழற்றிச் சுத்தம் செய்து, குழாய்களில் இருந்த காற்றை வெளியேற்றி, நல்ல எண்ணெய் ஊற்றி ஓடவைக்க மூன்று மணி நேரம் ஆயிற்று.

"எஞ்சின் பிடிச்சிருச்சு. மேலே ஏறி வந்தேன். எல்லாரும் கைதட்டினாங்கம்மா."

அதன்பிறகு தாத்தா சிறிது நேரம் பேசவில்லை. சமையலறையில் பாட்டி கடுகு தாளிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"எஞ்சின் ஓடாம இருந்தா இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே கிடந்திருப்பாங்க. ஓடினதாலதான் போக வேண்டியதாப் போச்சு. அது அவங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ... கைதட்டினாங்க."

அந்தப் படகு எங்கே போய்ச் சேர்ந்தது என்று கேட்டேன். தலையை ஆட்டினார். அவருக்குத் தெரியாது. யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் யாரையும் கேட்கவில்லை.

"அப்படி அனுப்பினது தப்புன்னு நினைக்கிறீங்களா?"

"உத்தரவு தப்புன்னு நான் சொல்லமாட்டேன். நாடு பிறந்து பத்து வருஷம்கூட ஆகல. நம்மளே எங்கே நிக்கிறதுன்னு தெரியாம இருந்தோம். சொன்ன வேலையை ஒழுங்கா செஞ்சேன். ஒழுங்கா செஞ்சதுதாம்மா மனசுல கிடக்குது."

பிறகு எழுந்து, நாற்காலியை மேசைக்கடியில் நேராகத் தள்ளினார். "நான் இருக்கிறவரைக்கும் இதை எழுதாதே" என்றார். என் பாடத்துக்கு லாஜுவை மட்டும் எழுதிக் கொடுத்தேன். நல்ல மதிப்பெண் கிடைத்தது.

தாத்தாவின் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மாலை, அந்தக் கதையைப் பாட்டியிடமும் அம்மாவிடமும் சொன்னேன். பாட்டிக்குத் தெரியாது. 49 ஆண்டுகள் ஒன்றாக வாழ்ந்தவரிடம்கூட அவர் சொல்லவில்லை. ஆனால், அம்மா சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்படின்னா ஹாக்கின்ஸ் ரோடு அதுக்குத்தானா?"

1978-இல், செம்பவாங் ஹாக்கின்ஸ் ரோட்டில் இருந்த பழைய பிரிட்டிஷ் இராணுவக் குடியிருப்பில், வியட்நாமிய அகதிகளுக்காக ஐக்கிய நாடுகள் அகதிகள் ஆணையத்தின் முகாம் திறக்கப்பட்டது. வேறொரு நாடு ஏற்றுக்கொள்வதாக உறுதி தந்தவர்கள் அங்கே தற்காலிகமாகத் தங்கவைக்கப்பட்டார்கள். 1996-இல் அது மூடப்பட்டது. முகாம் திறந்த புதிதில் தாத்தா குடும்பம் சோங் பாங் கிராமத்தில் இருந்தது. அம்மாவுக்கு நான்கு வயது. கடலுக்குப் போகாத நாள்களில், மாலையில் தாத்தா அவரைச் சைக்கிளில் உட்காரவைத்து ஹாக்கின்ஸ் ரோட்டுக்குக் கூட்டிப் போவாராம். முகாமுக்கு எதிரே சைக்கிளை நிறுத்திவிட்டு, விளையாடும் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு நிற்பார். உள்ளே போனதில்லை. ஒருமுறை மட்டும் ஒரு பை நிறைய பிஸ்கட் வாங்கிப்போய் வாசலில் இருந்தவரிடம் கொடுத்தாராம்.

"எனக்கு வேடிக்கை காட்டத்தான் கூட்டிட்டுப் போறார்னு நினைச்சேன்" என்றார் அம்மா.

1975-இல் திருப்பி அனுப்பப்பட்ட ஒரு குழந்தை 1978-இல் அந்த முகாமில் இருப்பதற்கு வழியில்லை. அது தாத்தாவுக்குத் தெரியாமல் இருந்திருக்காது. இருந்தும், தம் நான்கு வயது மகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அவள் உயரத்தில் இருக்கும் பிள்ளைகளை அவர் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறார். அந்தக் குழந்தை வளர்ந்திருந்தால் இவ்வளவு உயரம் இருக்கும் என்று கணக்குப் போட்டிருப்பாரோ என்னவோ. இது என் ஊகம்தான்.

தாத்தாவின் அஸ்தியைக் கரைக்கப் படகில் போனோம். செமாகாவ் தீவுக்குத் தெற்கே ஏறக்குறைய 2.8 கிலோமீட்டர் தொலைவில் அதற்கென ஒதுக்கப்பட்ட கடற்பகுதி இருக்கிறது. போகும் வழியில் புக்கோம் தீவின் எண்ணெய்த் தொட்டிகள் தெரிந்தன. "லாஜு!" என்றான் தம்பி. எல்லாரும் அழுகையோடு சிரித்தோம். நான் மறுபக்கம், கப்பல்கள் நங்கூரமிட்டு நின்ற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மரப்படகு எந்த இடத்தில் நின்றிருக்கும் என்று தாத்தாவிடம் கேட்காமல் விட்டுவிட்டேன். படகு நின்றதும் இயந்திரத்தை அணைத்தார்கள். அந்த அமைதியில் மாமா கலசத்தைத் தண்ணீருக்குள் இறக்கினார். பாட்டி பைக்குள்ளிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து, எங்கள் யாருக்கும் தராமல், முதலில் படகோட்டியிடம் நீட்டினார்.

தாத்தா கேட்டுக்கொண்டபடி, அவர் இருந்தவரை நான் எழுதவில்லை. பாட்டியின் சம்மதத்தோடு இப்போது எழுதுகிறேன். அவரைக் குறை சொல்வதற்காக அல்ல. அவருக்காக வாதாடவும் அல்ல. பெரியவர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் கதைகளைக் கேட்டே நமக்கு அலுத்துவிடுகிறது. அவர்களைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எண்ணிக்கொள்கிறோம். நானும் பாடத்துக்கு மதிப்பெண் வேண்டித்தான் தாத்தா முன்னால் உட்கார்ந்தேன். அந்த ஒரு கேள்வியைக் கேட்டிருக்காவிட்டால், லாஜு கதையோடு அவரை வழியனுப்பியிருப்பேன். உங்கள் வீட்டில் ஒரு தாத்தாவோ பாட்டியோ இருந்தால், அவர்கள் சொல்லும் கதைக்கு அடுத்த ஆண்டு என்ன நடந்தது என்று ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.

எங்கள் வீட்டில் இப்போதும் ஆறு போத்தல்கள் இருக்கின்றன. இரவில் பாட்டிக்குக் கால் வலி. நான்தான் நிரப்பி வைக்கிறேன். கழுத்துவரை.