மழைக்கு முன் கூரை, பொங்கலுக்கு முன் சுண்ணாம்பு

புரட்டாசி பிறந்துவிட்டால் எங்கள் மன்னார்குடிப் பக்கம் ஓட்டு வேலை தெரிந்த ஆளைப் பிடிப்பது பெரும்பாடு. கோடை முழுக்க வேலை இல்லாமல் இருந்தவருக்கு அந்த ஒரு மாதத்தில் பத்துத் தெருவிலிருந்து அழைப்பு வரும். "நாளைக்குக் காலையில வந்துடறேன்க்கா" என்பார். அந்த நாளை வருவதற்குள் வானம் கறுத்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் அக்டோபர், நவம்பரை இலையுதிர் காலம் என்று படித்தோம். அது வேறு நாட்டுக் கணக்கு. நம் ஊரில் வேம்பு இலை கொட்டுவது மாசி, பங்குனியில். ஐப்பசியில் இங்கே எல்லாம் பச்சைப்பசேல் என்று இருக்கும். பழந்தமிழர் ஐப்பசியையும் கார்த்திகையையும் கூதிர் காலம் என்றார்கள். குளிர் நாடுகளில் அந்த மாதங்களில் வீட்டைப் பனிக்குத் தயார் செய்வார்கள். நாம் தண்ணீருக்குத் தயார் செய்கிறோம். தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறக்குறைய பாதி, அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. டெல்டாவில் பாதிக்கும் மேல். அந்த மூன்று மாதத்தைத் தாங்குகிற வீடு வருடம் முழுவதையும் தாங்கும்.

எங்கள் வீடு அப்பா 1974-ல் வாங்கியது. வாங்கும்போதே பழைய வீடு. திண்ணை, ரேழி, நடுவில் முற்றம், சுற்றிலும் தாழ்வாரம், கூடம், பின்னால் கொல்லையும் கிணறும். முன்பக்கமும் தாழ்வாரமும் நாட்டு ஓடு. கூடத்துக்கு மேல் மட்டும் மொட்டை மாடி. தேக்குக் கட்டைகளை வரிசையாகப் பரப்பி, அதன் மேல் செங்கல்லை நிற்க வைத்து அடுக்கி, சுண்ணாம்புக் கலவை போட்டு, தட்டோடு பதித்தது.

இந்த வீட்டில் மழைக்காலத்துக்கு அம்மாதான் தளபதி. புரட்டாசி முதல் வாரத்தில் ஓட்டைப் பார்க்க ஆள் ஏறியாக வேண்டும். நாட்டு ஓடு தானாக உடைவதில்லை. குரங்கு ஓடும், பூனை சண்டை போடும், தென்னை மட்டை விழும். ஓர் ஓடு இரண்டு விரற்கடை நகர்ந்தால் போதும், உள்ளே நூல் மாதிரித் தண்ணீர் இறங்கும். முக்கியமான இடம் கூடுவாய். முற்றத்தின் மூலைகளில் இரண்டு கூரைச் சரிவுகள் வந்து சேரும் இடம் அது. இரண்டு பக்கத் தண்ணீரும் அங்கேதான் ஓடும். சருகு அடைத்துக்கொண்டால் தண்ணீர் ஓட்டுக்கு அடியில் புகுந்து, கீழே இருக்கும் மரச்சட்டத்தை ஊறவைக்கும். வீடு விழுவது பெரும்பாலும் புயலால் அல்ல, இந்த மாதிரி யாரும் பார்க்காமல் ஊறிய மரத்தால்தான் என்பது அம்மாவின் கட்சி. எனக்கும் அதுதான் சரி என்று படுகிறது.

அடுத்தது மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர். காக்கை போட்ட எச்சத்தில் அரசங்கன்று முளைத்திருக்கும். பலரும் அதை அரிவாளால் ஒரு வெட்டு வெட்டிவிட்டு நிம்மதியாக இறங்கிவிடுகிறார்கள். வேர் உள்ளே இருக்கும் வரை அது துளிர்க்கும். துளிர்க்கிற ஒவ்வொரு முறையும் செங்கல்லைக் கொஞ்சம் நகர்த்தும். அம்மா காரையைச் சுரண்டி வேரை முழுசாக எடுக்கச் சொல்லி, அந்தப் பொந்தை அன்றைக்கே பூசவைப்பாள். பிறகு மாடித் தண்ணீர் இறங்கும் குழாய், முற்றத்து ஜலதாரை, 2003-ல் அரசாங்கம் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கியபோது கட்டிய மழைநீர்த் தொட்டி. தொட்டியின் மணலும் ஜல்லியும் சேறு பூசிக் கிடந்தால் தண்ணீர் உள்ளே இறங்காது, வாசலுக்குத்தான் வரும். ஈரச்சுவர் ஷாக் அடிக்கிறதா என்று எலெக்ட்ரீஷியன் வந்து பார்த்துவிட்டுப் போவார். கதவை மட்டும் யாரும் தொடக் கூடாது. மழையில் உப்பிச் சாத்த முடியாமல் போகும் கதவை அப்போதே இழைத்துவிட்டால், சித்திரையில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி விட்டுவிடும்.

இத்தனையும் செய்வாளே தவிர, மழைக்கு முன்னால் சுவருக்கு ஒரு மட்டை சுண்ணாம்பு அடிக்கவிட மாட்டாள். தீபாவளிக்குப் பக்கத்து வீடுகளெல்லாம் புதுப் பெயின்ட்டில் பளபளக்கும்போது எங்கள் வீடு மட்டும் அழுக்காக நிற்கும். சின்ன வயதில் எனக்கு அது பெரிய அவமானம். "மழைக்கு முன்னாடி கூரை, பொங்கலுக்கு முன்னாடி சுண்ணாம்பு" என்பாள். காரணம் பின்னால்தான் புரிந்தது. மூன்று மாதம் தண்ணீர் குடித்த சுவர் எங்கே கறுத்திருக்கிறது, எங்கே உப்புப் பூத்திருக்கிறது என்று மார்கழியில் எழுதிக் காட்டும். அதைப் படித்து, மராமத்து செய்துவிட்டுத்தான் வெள்ளையடிக்க வேண்டும். முன்னாலேயே அடித்துவிட்டால் அந்த எழுத்து அழிந்துவிடும்.

வீட்டை விற்பது என்று வந்தபோது சண்டை மூண்டதும் இந்த வரிசையில்தான்.

அப்பா 2017-ல் போனார். அடுத்த வருடம் நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல். கொல்லையில் இருந்த நான்கு தென்னையும் சாய்ந்தன. முன்கட்டு ஓடுகளில் பாதி தெருவில் கிடந்தன. அதையும் மராமத்து செய்து, பிறகும் ஐந்தாறு வருடம் அம்மா அங்கே தனியாக இருந்தாள். முந்தைய கார்த்திகையில் ஒருநாள் நள்ளிரவில் போன் செய்தேன். எடுக்கவில்லை. காலையில்தான் சொன்னாள், ராத்திரி முழுக்கப் பாத்திரம் மாற்றிக்கொண்டிருந்தாளாம். 79 வயது. வழுக்கும் தாழ்வாரத்தில், கையில் நிரம்பிய வாளியோடு. விற்றுவிடலாம் என்று நாங்கள் மூன்று பேரும் முடிவு செய்தது அன்றைக்குத்தான். அம்மா மறுக்கவில்லை. அதுதான் எங்களுக்கு ஆச்சரியம்.

ஆவணியில் தரகர் வந்து பார்த்தார். "கூரையெல்லாம் தொடாதீங்கம்மா, அது கடல்ல கரைச்ச பெருங்காயம். உள்ளே பட்டி பார்த்து ரெண்டு கோட்டு எமல்ஷன் ஏத்துங்க. மழைக்கு முன்னாடி பார்ட்டிய கூட்டிட்டு வந்து அட்வான்ஸ் வாங்கிடலாம்" என்றார். தம்பிக்கு அது சரியாகப் பட்டது. கூரை வேலைக்குக் கொத்தனார் சொன்ன கணக்கு 1,80,000 ரூபாய். பெயின்ட்டுக்கு 65,000. "வாங்கறவங்க எப்படியும் இடிச்சுட்டு மாடி வீடு கட்டப் போறாங்க. இடிக்கப் போற கூரைக்கு எதுக்குக்கா செலவு?" என்றான். அவன் கேட்டதிலும் நியாயம் உண்டு. எங்கள் தெருவிலேயே அப்படி ஏழெட்டு வீடுகள் போயிருக்கின்றன.

அம்மா ஒன்றுதான் சொன்னாள். "விக்கிறதுன்னா வித்துக்கங்க. ஒழுகறதை மூடி வெச்சு விக்கக் கூடாது. ஐப்பசியில அந்த வீட்டுல குழந்தை படுத்திருக்கும்."

வக்கீலாக இருக்கும் சிநேகிதியிடம் பேச்சுவாக்கில் இதைச் சொன்னேன். அம்மா சொன்னது சட்டத்திலேயே இருக்கிறது என்றாள். 1882-ஆம் வருடத்துச் சொத்து மாற்றச் சட்டம், 55-வது பிரிவு. சொத்தில் முக்கியமான குறை இருந்து, அது விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருந்தால், விற்பவர் அதைச் சொல்லியாக வேண்டும். கண்ணுக்குத் தெரிகிற விரிசலை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பட்டியும் பெயின்ட்டும் பூசி மறைத்த ஒழுகல் கண்ணில் படாது. இன்னொரு விஷயமும் இருக்கிறது. சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வெளியே விடும். அதன் மேல் பிளாஸ்டிக் மாதிரி எமல்ஷனைப் பூசினால் ஈரம் உள்ளேயே நின்று, அப்பளம் மாதிரி கொப்பளித்துக்கொண்டு வரும். மறைத்ததும் நிற்காது, மானமும் போகும்.

கடைசியில் நடுவழிக்கு வந்தோம். தண்ணீர் இறங்குவதை மட்டும் நிறுத்துவது, அழகுக்கு ஒரு பைசா செலவழிப்பதில்லை. கூடுவாய் மூலைகள், முன்கட்டு ஓடு, மாடிச் சுவரும் தளமும் சேரும் ஓரம் மட்டும். 78,000 ரூபாயில் முடிந்தது. அம்மா தன் பென்ஷன் பணத்திலிருந்து கொடுத்தாள், எங்களைக் கைவைக்கவிடவில்லை.

நாட்டு ஓடு இப்போது புதிதாகச் சுலபத்தில் கிடைப்பதில்லை. இடித்த வீடுகளிலிருந்துதான் வாங்க வேண்டும். இரண்டு தெரு தள்ளி ஒரு பெரிய வீட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அங்கிருந்து வந்தது எங்கள் ஓடு. அம்மா ஒவ்வொன்றையும் விரல் கணுவால் தட்டிப் பார்த்தாள். கணீர் என்றால் கூரைக்கு, டப் என்றால் ஓரத்துக்கு. அந்த வீட்டுக்காரம்மா இவளுக்குச் சிநேகிதி, கும்மிக்கு ஜோடி. ஓடுகளைத் தட்டிக்கொண்டே அதைச் சொன்னாள். வேறெதுவும் சொல்லவில்லை.

ஐப்பசியில், மழை மூன்றாவது நாளாக விடாமல் பெய்துகொண்டிருந்தபோது ஒரு ஆசிரியர் தம்பதி வீடு பார்க்க வந்தார்கள். தரகர் வெயில் அடிக்கிற நாளாகப் பார்த்துக் கூட்டிவரத்தான் நினைத்திருக்கிறார். அம்மா போனில், "மழையில வாங்கம்மா, அப்பதான் வீடு தெரியும்" என்று நேரடியாகவே அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டாள். கூடத்தில் காபி கொடுத்துக்கொண்டிருக்கும்போதே ரேழி மூலையில் சொட்டு விழ ஆரம்பித்தது. அத்தனை வேலைக்குப் பிறகும் ஒன்று! தம்பி என்னைப் பார்த்தான். அம்மா எழுந்து போய் ஒரு செம்பை வைத்துவிட்டு வந்து, "இது ஒண்ணு மிச்சம் இருக்கு. காத்து கிழக்கேருந்து அடிச்சாத்தான் வரும். முன்னாடி ஏழு இடத்துல சொட்டிச்சு" என்றாள். பிறகு எழுந்து, அந்த ஆறு இடங்களையும் ஒவ்வொன்றாகக் காட்டினாள்.

அவர் குடையோடு மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். நாங்கள் சொன்ன விலையில் ஒன்றரை லட்சம் குறைத்துக் கேட்டார். தரகருக்கு முகமே இல்லை. தம்பி அன்று இரவு என்னோடு சரியாகப் பேசவில்லை. எனக்கும் ஒன்றரை லட்சம் சும்மா போகிற தொகை இல்லைதான். ஆனால் அவர்கள் அதன்பிறகு ஒரு ரூபாய் பேரம் பேசவில்லை. இடிக்கும் பேச்சையும் எடுக்கவில்லை.

பத்திர வேலை மழையோடு மழையாக நடந்தது. அப்பா சுயமாக வாங்கிய சொத்து, உயில் இல்லை. 1956-ஆம் வருட வாரிசுச் சட்டப்படி அம்மாவுக்கும் எங்கள் மூவருக்கும் சம பங்கு. வாரிசுச் சான்றிதழ், மூலப்பத்திரம், வில்லங்கம், வரி ரசீது எல்லாம் அப்பா கட்டி வைத்திருந்த பழைய ரெக்ஸின் பையிலும் தாலுகா ஆபீஸிலுமாகக் கிடைத்தன. சிங்கப்பூரில் இருக்கும் அக்காவின் பவர் பத்திரம்தான் ஓடவைத்தது. வெளிநாட்டில் எழுதிய பவருக்கு, அது இந்தியா வந்து சேர்ந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத்தீர்வை கட்டியாக வேண்டும். யாருக்காவது உதவும் என்று சொல்லி வைக்கிறேன்.

மார்கழியில் அம்மா வெள்ளையடிக்க ஆள் கூப்பிட்டாள். தையில் கிரயம் என்று தேதியே குறித்தாயிற்று. யாருக்காக என்று தம்பி கேட்டதற்கு, "பொங்கல் எனக்கு இந்த வீட்டுலதானே" என்றாள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, கொஞ்சம் நீலம். கொல்லைச் சுவருக்கு அவளே மட்டையை வாங்கி நாலு இழுப்பு இழுத்தாள்.

இப்போது சென்னையில் என்னோடு இருக்கிறாள். நாலாவது மாடி, மேலே இன்னும் இரண்டு மாடி. கூரை என்று ஒன்று எங்களுக்கு இல்லவே இல்லை. நடுவில் ஒருமுறை மன்னார்குடி போனபோது எட்டிப் பார்த்தேன். முன்னறைக்கு மட்டும் இளநீல எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். அம்மாவிடம் சொல்லவில்லை.

இந்தப் புரட்டாசியில் அந்த ஆசிரியை போன் செய்தார். ஓட்டு ஆள் நாளைக்கு வருகிறார், எங்கெங்கே பார்க்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டு. அம்மா என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டு நாற்பது நிமிடம் பேசினாள். கூடுவாய், அரசங்கன்று, தொட்டி மணல், கிழக்குக் காற்று, கதவை இழைக்காதே, எல்லாம் வரிசையாக. "அந்தப் பெரியவரை மத்தியானத்துக்கு மேல ஓட்டுல ஏத்தாதம்மா, வெயில்ல தலை சுத்தும் அவருக்கு" என்றாள். வைக்கப் போனவள் திரும்பவும் காதில் வைத்து, "ஓடு வாங்கப் போயிடாதீங்க. கிணத்தடி மாடத்துக்குக் கீழ சாக்கு போட்டு மூடி நாப்பது ஓடு அடுக்கியிருக்கேன், எல்லாம் தட்டிப் பார்த்ததுதான்" என்றாள்.