சிராங்கூன் சாலையில் ஒரு பாட்டுக் கடை

சிங்கப்பூருக்குப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் தேக்காவுக்கும் கட்டாயம் போயிருப்பீர்கள். தீபாவளிக்குச் சேலை, வேட்டி, ஒரு பவுன் சங்கிலி, நாலு பலகாரச் சாமான் என்று வாங்கிக்கொண்டு, கால் வலிக்க வலிக்கப் பேருந்து ஏறி ஊர் திரும்பியிருப்பீர்கள். போகாதவர்கள் கவலைப்பட வேண்டாம். வாருங்கள், நான் அழைத்துப் போகிறேன். பயணச் செலவு உங்களுக்கு இல்லை. ஆனால் ஒரு நிபந்தனை: கண்ணை நம்பி வராதீர்கள், காதை நம்பி வாருங்கள். ஏனென்றால் நான் அந்தத் தெருவைக் காதால்தான் அறிந்தேன்.

ஜோகூர் பாருவிலிருந்து கடற்பாலம் ஒரு கிலோ மீட்டர் தூரந்தான். 1924இல் திறந்த பாலம். லார்க்கினிலிருந்து வரும் 170ஆம் எண் பேருந்து உங்களைக் குவீன் ஸ்திரீட்டில் இறக்கிவிடும். அங்கிருந்து பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தால் சிராங்கூன் சாலை. நடக்கும்போதே மல்லிகை வாசம் உங்களை எதிர்கொண்டு அழைக்கும். பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு என்று இரண்டு தெருக்கள் வரும். மலாய் தெரிந்த உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, இரண்டுமே எருமைதான்! ஒரு காலத்தில் இங்கே மாட்டு வியாபாரம் கொடிகட்டிப் பறந்தது. பால்காரர்களும் வண்டிக்காரர்களும் நம்மவர்கள். மாடு போய்விட்டது, பெயர் நின்றுவிட்டது.

வீரமாகாளியம்மன் கோவில் மணி ஒரு பக்கம், தேக்கா சந்தையில் மீன்காரர் கூவும் குரல் ஒரு பக்கம். இவற்றுக்கு நடுவே, 1980களில், கடைக்குக் கடை பாட்டு. ஒரு கடையில் சுசீலா பாடி முடிப்பதற்குள் அடுத்த கடையில் டி.எம்.எஸ். தொடங்கிவிடுவார். அப்படி ஒரு பாட்டுக் கடையில்தான் நான் வேலை பார்த்தேன்.

பத்தொன்பது வயதில்

1984. எனக்கு வயது பத்தொன்பது. கூலாய்ப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். அம்மாவும் அப்பாவும் பால்வெட்டு. ஆயாக்கொட்டகையில் வளர்ந்து, தோட்டப் பள்ளியில் படித்து, வானொலிப் பெட்டியோடு ஒட்டிக்கொண்டே வளர்ந்த பயல் நான். பாட்டு கேட்பதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மறுவார்த்தை பேசாமல் கிளம்பிவிட்டேன். விடியற்காலை இருட்டில் பாலத்தைத் தாண்டினால், இரவு இருட்டில்தான் திரும்புவேன்.

கடை அகலம் இரண்டு ஆள் கை நீட்டினால் முடிந்துவிடும். உள்ளே இரண்டு சுவர் முழுக்க ஒலிநாடா. பின்னால் ஓர் அலமாரியில் பழைய இசைத்தட்டுகள். நாய் படம் போட்ட 'நாய் மார்க்' தட்டுகளைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். கல்கத்தாவை அடுத்த டம்டம்மில் தயாராகி, கப்பலேறி வந்தவை. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுற்றும். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய மூன்று நிமிடந்தான் பாட்டு. பாகவதரும் கே.பி. சுந்தராம்பாளும் அந்த மூன்று நிமிடத்துக்குள்தான் நம் பாட்டன்மார் மனத்தில் குடியேறினார்கள். கைதவறிக் கீழே விழுந்தால் அப்பளம்போல் நொறுங்கிவிடும். பிறகு உடையாத தட்டுகள் வந்தன. 1963இல் பிலிப்ஸ் கம்பெனி சிறிய ஒலிநாடாவைக் கொண்டுவந்தது. சட்டைப் பைக்குள் ஒரு கச்சேரியே அடங்கிவிட்டது!

எங்கள் கடைக்கு வருமானம் விற்பனையில் பாதி, 'பதிவு'வில் பாதி. வெற்று நாடாவும் பாட்டுப் பட்டியலும் கொண்டுவந்தால் நாங்கள் பதிந்து தருவோம். சி-60 நாடா என்றால் பக்கத்துக்கு முப்பது நிமிடம். ஆறு பாட்டு தாராளமாகப் பிடிக்கும். 1976இல் 'அன்னக்கிளி' வந்த பிறகு இளையராஜா பாட்டு இல்லாத பட்டியலே கிடையாது. தோட்டத்து ஜனங்கள் அந்தப் பாட்டுகளைக் கேட்டு, "இது நம்ம வீட்டுப் பாட்டு மாதிரியில்ல இருக்கு?" என்பார்கள். இப்படிப் பதிந்து கொடுப்பதைத் தப்பென்று அன்று நினைத்தவர்கள் குறைவு. சிங்கப்பூரில் 1987 ஏப்ரலில் புதிய பதிப்புரிமைச் சட்டம் நடப்புக்கு வந்தது. எங்கள் கடையில் 'பாட்டுப் பதிந்து தரப்படும்' என்ற பலகையும் இறங்கிவிட்டது.

வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பாட்டின் முதல் அடி தெரியாது. "சிவாஜி மாடிப்படி இறங்கி வருவாரே, அந்தப் பாட்டு" என்பார் ஒருவர். இன்னொருவர் வெறுமனே 'ம்ம் ம்ம்' என்று முனகுவார். தோட்டத்தில் பிறந்து வளர்ந்த ஒரு சீனப் பெரியவர் மாதம் ஒருமுறை வந்து, என்னைவிடச் சுத்தமான தமிழில் எம்.ஜி.ஆர். பாட்டு கேட்பார். யார் எதைத் தேடுகிறார் என்று கண்டுபிடிப்பதுதான் என் திறமை. அந்தத் திறமையில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. அது இறங்கிய கதையைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

அந்த அக்கா

1985, தீபாவளிக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்று. கடையில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். ஜோகூரில் ஒரு தோட்டத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். நாற்பது வயதிருக்கும். மகன் எழுதிக் கொடுத்த பட்டியலில் பன்னிரண்டு பாட்டு. புது நாடா வாங்கினால் செலவு என்று வீட்டிலிருந்தே ஒரு பழைய நாடா கொண்டுவந்திருந்தார். "தகர டப்பாவுல கெடந்துச்சு தம்பி. இதுலயே போட்டுக் குடுங்க."

ஒலிநாடாவின் முதுகு விளிம்பில் இரண்டு மூலையிலும் ஒவ்வொரு சிறு பிளாஸ்டிக் துண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை உடைத்துவிட்டால் அந்த நாடாவில் மேற்கொண்டு எதையும் பதிய முடியாது. உள்ளே இருப்பது பத்திரம். அந்த அக்கா கொண்டுவந்த நாடாவில் இரண்டுமே உடைக்கப்பட்டிருந்தன. யாரோ வேண்டுமென்றேதான் உடைத்திருக்கிறார்கள். அது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஆனால் எனக்குத்தான் வேலை தெரியுமே! இரண்டு ஓட்டையிலும் ஒட்டுத்தாளை ஒட்டினேன், இயந்திரத்தில் போட்டேன், பன்னிரண்டு பாட்டையும் பதிந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு நிமிடம் கேட்டுப் பார்க்கவில்லை. அக்கா மாலையில் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

அடுத்த ஞாயிறு மறுபடி வந்தார். கையில் அதே நாடா. கோபம் இல்லை, சத்தம் இல்லை.

"தம்பி, பாட்டெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இதுல எங்கம்மா இருந்தாங்களே, எங்க?"

எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. அவருடைய அம்மா இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. சாவதற்கு முன்னால் பேரப்பிள்ளைகளுக்காகப் பாடிய தாலாட்டும் கும்மியும், ஊரைவிட்டுக் கப்பலேறி வந்த கதையும் அந்த நாடாவில் இருந்திருக்கின்றன. மருமகன் பதிந்து, அழியாமலிருக்கத் துண்டையும் உடைத்து வைத்திருக்கிறார். தீபாவளி அவசரத்தில் டப்பாவிலிருந்து அக்கா எடுத்தது அதுதான்.

முதலாளி என்னைத் திட்டவில்லை. "கடைசிவரை ஓட விடு" என்றார். ஓடவிட்டேன். ஆறாவது பாட்டு முடிந்தது. 'கர்ர்' என்று ஒரு சத்தம். பிறகு சேவல் கூவுகிறது. ஒரு குழந்தை சிணுங்குகிறது. தூரத்தில் யாரோ வாளியை வைக்கும் சத்தம். தோட்டத்து வீட்டில் ஒரு காலைப்பொழுது, அவ்வளவுதான். மறுபக்கம் திருப்பினேன். பன்னிரண்டாவது பாட்டும் முடிந்தது. நான் பதியாமல் விட்ட கடைசி மூன்று நிமிடத்தில், ஒரு வரியின் பாதியிலிருந்து, ஒரு கிழவியின் குரல் எழுந்தது. தாலாட்டு. இடையிடையே மூச்சு வாங்குகிறது. பாட்டில் மாமன் வருகிறான். அவன் பால்வாளியோடு வருகிறான், மண்டோர் வருகிறார், பெரட்டுக்களம் வருகிறது. எந்தக் கம்பெனியும் தட்டுப் போடாத பாட்டு.

கடையில் இருந்த கூட்டம் பேச்சை நிறுத்திவிட்டது. அக்கா கவுண்டரில் கைவைத்தபடி நின்றார். அறுபது நிமிடத்தில் ஆறு நிமிடம் மிஞ்சியது. அதிலும் அம்மா மூன்று நிமிடம்.

அந்த ஆறு நிமிடத்தை மட்டும் இரண்டு புது நாடாக்களில் எடுத்துக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை, வாங்கக் கை வரவில்லை. போகும்போது அக்கா சொன்னது ஒன்றே ஒன்று: "நீங்க ஒட்டினத மொதல்ல பிச்சிடுங்க தம்பி." பிய்த்தேன். அன்றிலிருந்து, உள்ளே இருப்பதைக் கேட்டுப் பார்க்காமல் எந்த நாடாவின் மேலும் நான் பதிந்ததில்லை.

பிற்பாடுதான் எனக்கு ஒரு விஷயம் தெரிய வந்தது. நான் கடையில் குரலை அழித்துக்கொண்டிருந்த அதே ஊரில், 1979 முதல் வாய்மொழி வரலாற்றுக்கென்றே ஓர் அரசாங்கப் பிரிவு இருந்தது. சாதாரண மனிதர்களை உட்காரவைத்து, அவர்கள் வாழ்ந்த கதையை ஒலிநாடாவில் பதிந்து வைக்கும் வேலை. இன்று கானிங் ரைசில் இருக்கும் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தக் குரல்கள் பத்திரமாக இருக்கின்றன. பலவற்றைக் கைப்பேசியிலேயே கேட்கலாம்.

இன்றைய தேக்கா

இப்போது போனால் நான் வேலை பார்த்த கடை இல்லை. அந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். கேம்பல் லேனில் 2015இல் இந்திய மரபுடைமை நிலையம் திறந்தார்கள். நிலத்தடி ரயில் 2003 முதல் தேக்கா வாசலிலேயே வந்து நிற்கிறது. பக்கத்தில் சுங்கை ரோட்டில் 'திருட்டுச் சந்தை' என்று ஒரு பழைய சாமான் சந்தை இருந்தது. சம்பளம் வாங்கியதும் அங்கே போய்த் தரையில் விரித்த சாக்கில் இசைத்தட்டு பொறுக்குவது எனக்கு ஒரு பைத்தியம். அந்தச் சந்தையையும் 2017 ஜூலை 10ஆம் தேதியோடு மூடிவிட்டார்கள். நகரத்தில் பெரிய பெரிய இசைத்தட்டுக் கடைகளே மூடிப்போயின. எச்.எம்.வி. தன் கடைசிக் கடையை 2015இல் மூடியது. இப்போது இளவட்டங்கள் கறுப்புத் தட்டை மறுபடி தேடித் தேடி வாங்குகிறார்கள். அதற்கென்று புதுக் கடைகளும் வந்திருக்கின்றன. காலம் ஒரு தட்டு மாதிரி; சுற்றி வருகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போனால், தமிழ்நாட்டிலிருந்து கட்டட வேலைக்கு வந்த தம்பிமார் கூட்டம் கூட்டமாகப் புல்தரையில் உட்கார்ந்து ஊருக்குப் பேசிக்கொண்டிருப்பார்கள். பாட்டு வாங்கக் கடைக்கு வரவேண்டிய தேவை அவர்களுக்கு இல்லை. எல்லாம் உள்ளங்கையிலேயே இருக்கிறது. சினிமாப் பாட்டு எங்கும் போய்விடாது. அதைக் காப்பாற்ற ஆயிரம் பேர் இருக்கிறார்கள். உங்கள் வீட்டுக் கிழவியின் பாட்டைக் காப்பாற்ற உங்களைத் தவிர ஒருவரும் இல்லை.

உங்கள் வீட்டு டப்பா

தோட்டங்கள் குறைந்துகொண்டே வருகின்றன. ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. செம்பனையும் போய் வீடமைப்பு வருகிறது. லயத்தை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோகும் நாளில் முதலில் குப்பைக்குப் போவது எது? பழைய தகர டப்பா! அதற்குள் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டு எறியுங்கள். முதுகுத் துண்டு உடைந்த நாடா இருந்தால் கட்டாயம் எறியாதீர்கள். அதை உடைத்தவருக்குக் காரணம் இருந்திருக்கும்.

நாடாவில் வெள்ளைப் பூஞ்சை பூத்திருந்தால் இயந்திரத்தில் போடாதீர்கள். விவரம் தெரிந்தவரிடம் கொடுங்கள். தளர்ந்திருந்தால் ஒரு பென்சிலை நுழைத்து மெதுவாகச் சுற்றி இறுக்குங்கள். வெயிலும் ஈரமும் அதற்கு எமன். ஒலிபெருக்கியில் காந்தம் உண்டு. அதன் மேல் வைக்கக் கூடாது. ஓடுகிற நாடாவாக இருந்தால், சத்தமில்லாத நேரத்தில் ஓடவிட்டு, கைப்பேசியில் பதிந்து, சொந்தக்காரர் இரண்டு பேருக்காவது அனுப்பிவிடுங்கள். ஒரே இடத்தில் இருப்பது இல்லாததற்குச் சமம்.

நாடாவே இல்லையா? அதனால் என்ன, பாட்டி இருக்கிறாரே! இன்றைக்கே கேளுங்கள். பேர், தோட்டத்தின் பேர், தேதி, மூன்றையும் முதலில் சொல்லவைத்துப் பதியுங்கள். "எனக்கென்ன பாட்டுத் தெரியும்?" என்றுதான் தொடங்குவார்; பேத்தியை மடியில் கிடத்தினால் தானாக வரும். மலேசிய எழுத்தாளர் முத்தம்மாள் பழனிசாமி இப்படி வீட்டில் கேட்டு வளர்ந்த பாட்டுகளைக் கொண்டுதான் 'நாட்டுப்புறப் பாடல்களில் என் பயணம்' என்று ஒரு நூலே எழுதினார்.

அடுத்தமுறை தேக்காவுக்குப் போகும்போது, சேலைக் கடைக்கு முன்னால் ஒரு நிமிடம் நின்று, இங்கே ஒரு பயல் பாட்டுப் பதிந்துகொண்டிருந்தான் என்று நினைத்துக்கொள்ளுங்கள். அந்த அக்காவை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. அவர் பேரப்பிள்ளைகள் எடுத்திருப்பார்கள் இப்போது. அந்த மூன்று நிமிடத்தைக் கேட்டுத்தான் அந்தப் பிள்ளைகள் தூங்கியிருப்பார்கள் என்று நம்ப எனக்கு ஆசை.