எஸ்டேட் என்று எழுதிய போத்தல்

ஆக்லாந்து துறைமுகத்திலிருந்து படகில் 40 நிமிடம் போனால் வைஹேக்கி தீவு. பரப்பளவு 92 சதுர கிலோமீட்டர்; நம் பினாங்குத் தீவில் மூன்றில் ஒரு பங்குகூட வராது. அந்தச் சின்னத் தீவில் இருபதுக்கும் மேற்பட்ட திராட்சைத் தோட்டங்கள் இருக்கின்றன. காலையில் படகேறி, இரண்டு மூன்று தோட்டங்களில் ஒயின் சுவைத்து, அங்கேயே மதியம் சாப்பிட்டு, மாலைப் படகில் திரும்புவது நியூசிலாந்துக்குப் போகிறவர்களின் வழக்கமான ஒருநாள் சுற்றுலா.

போன ஆண்டு மார்ச்சில் நாங்கள் ஐந்து பேர் போனோம். எல்லாரும் பல்கலைக்கழகக் காலத்து நட்பு. ஆக்லாந்தில் தாதியாக வேலை பார்க்கும் தோழிதான் ஏற்பாடு. தஞ்சோங் கிளிங்கில் பெட்டியை அடுக்கும்போதே அம்மா சொல்லிவிட்டார்: "ஊரைச் சுத்திப் பாரு, வேணாங்கல. அந்தப் படத்தையெல்லாம் குடும்பப் புலனத்துல போட்டுடாத. அத்தை பார்ப்பாங்க."

மத்தியாட்டியா துறையில் இறங்கினால் பேருந்து நிற்கிறது. மலைச்சரிவு முழுக்க வரிசை வரிசையாகக் கொடிகள். அறுவடைக் காலம் என்பதால் பறவைகள் கொத்தாமல் இருக்கக் கொடிகளுக்கு வெள்ளை வலை போர்த்தியிருந்தார்கள். கீழ்ச்சரிவில் நான்கைந்து பேர் குனிந்து குலைகளை நறுக்கிக் கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

கிம், ஜீனெட் கோல்ட்வாட்டர் என்ற தம்பதியர் 1978இல் இங்கே கொடிகளை நட்டு, இன்றைய ஒயின் தொழிலுக்கு வழி போட்டவர்கள். நாற்பத்து சொச்சம் ஆண்டுகளில் உலகம் தேடி வரும் இடமாகிவிட்டது.

சுவைப்பதற்கென்று ஒரு முறை வைத்திருக்கிறார்கள். நீள மேசை, ஆளுக்கு நான்கு கண்ணாடிக் குவளை. ஒவ்வொன்றிலும் இரண்டு மடக்குக்கு மேல் இல்லை. பக்கத்தில் தண்ணீர், ரொட்டி, ஆலிவ் காய். விழுங்க விரும்பாதவர்கள் துப்புவதற்கும் ஒரு பாத்திரம். ஊற்றிக் கொடுத்த பெண், குவளையைச் சுழற்றி முகர்ந்து பார்க்கச் சொன்னார். என்ன வாசம் வருகிறது என்று கேட்டார்.

'சிரா' என்ற சிவப்பு ரகம் வந்தபோது எங்கள் சிரம்பான் நண்பன் மூக்கை உள்ளே விட்டான். "டேய், மிளகு ரசம்டா இது!" என்றான். மேசையே சிரித்தது. மொழிபெயர்த்துச் சொன்னபோது அந்தப் பெண் சிரிக்கவில்லை. மிகச் சரி என்று தலையாட்டினார். மிளகின் வாசத்துக்குக் காரணமான ரோட்டண்டோன் என்ற வேதிப்பொருள்தான் சிராவிலும் இருக்கிறதாம். ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதை 2008இல் வெளியிட்டார்கள். ரசம் வைத்துப் பழகிய மூக்குக்கு ஆய்வுக்கூடம் தேவைப்படவில்லை.

அப்போதுதான் போத்தலின் மேல் ஒட்டியிருந்த தாளைப் படித்தேன். பெரிய எழுத்தில் 'எஸ்டேட்' என்று போட்டிருந்தது. தங்கள் நிலத்திலேயே விளைவித்து, தாங்களே தயாரித்த ஒயின் என்று பெருமையாகச் சொல்வதற்கு அந்தச் சொல்.

எங்கள் ஐந்து பேரில் நான்கு பேரின் தாத்தா பாட்டி எஸ்டேட்டில் பிறந்தவர்கள். எங்களுக்கு அந்தச் சொல் வேறு. மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் பயிரிட்டது முதலில் எங்கள் மலாக்காவில்தான். தான் சே யான் 1896இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். அதற்குப் பின் பால்மரக் காடுகள் பெருகின. பெரட்டு, லயம், கங்காணி, கிராணி, துரை என்று ஒரு முழு வாழ்க்கை அந்த ஒரு சொல்லுக்குள் வந்து குடியேறியது. அங்கேயும் ஒரு சுவைக்கும் இடம் இருந்தது. அதற்குப் பெயர் கள்ளுக்கடை.

கள்ளை நான் குறைவாகப் பேச மாட்டேன். தென்னம்பாளையைக் கட்டி, காலையும் மாலையும் சீவி, சொட்டுச் சொட்டாக இறக்குவது லேசான வேலை இல்லை. முட்டியில் விழுந்த சில மணி நேரத்திலேயே ஈஸ்ட் தன் வேலையைத் தொடங்கிவிடும். திராட்சைச் சாற்றை ஒயினாக்குவதும் ஈஸ்ட்தான். வித்தியாசம் ஆயுளில் இருக்கிறது. ஒயினை வருடக்கணக்கில் வைத்தால் விலை ஏறும். கள்ளை ஒரு நாள் வைத்தால் புளித்துக் காடியாகிவிடும். அன்று இறக்கியதை அன்றே குடித்துத் தீர்க்க வேண்டும்; அதனால் மரத்துக்குப் பக்கத்திலேயே கடை, கடைக்குப் பக்கத்திலேயே லயம்.

ஆங்கிலேயர் காலத்தில் பல தோட்டங்களில் நிர்வாகமே கள்ளுக்கடை நடத்தியது. அதில் வந்த லாபத்தைத் தொழிலாளர் நலனுக்கு என்று தனி நிதியாக வைத்தார்கள். உழைத்த காசைக் கடையில் கொடுத்து, அதில் மிஞ்சியதை நலநிதி என்ற பெயரில் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள் நம்மவர்கள்.

தொழிலாளர்கள் இதைப் புரிந்துகொள்ளாமல் இல்லை. 1941இல் கிள்ளான் வட்டாரத்தில் ஆர்.எச். நாதன் முன்னின்ற வேலைநிறுத்தத்தில், கூலி உயர்வோடு சேர்த்து, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழிக்கச் சொன்னார்கள். தோட்டத்துக் கள்ளுக்கடைகளை மூடச் சொன்னார்கள். நாதன் நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். 1947இல் கெடாவில் தொண்டர் படை கள்ளுக்கடைகளின் முன் மறியல் செய்தது. மானத்தோடு வாழ்வதற்கான கோரிக்கைப் பட்டியலில் கள்ளுக்கடையும் ஒரு வரியாக இருந்தது என்பதை இன்றைய தலைமுறை தெரிந்துகொள்ள வேண்டும்.

எங்களில் ஒருத்தி மட்டும் ஒயின் குடிக்கவில்லை. மலாக்கா பக்கத்து எஸ்டேட்டில் வளர்ந்தவள், இப்போது ஆசிரியை. அவளுக்குத் திராட்சைச் சாறு வந்தது. ஏன் குடிக்கவில்லை என்று யாரும் கேட்கவில்லை. ஒரு வாய் மட்டும் என்று யாரும் வற்புறுத்தவும் இல்லை. நாங்கள் வாசம் பற்றிப் பேசிக்கொண்டிருந்ததைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள்: "எங்கப்பா ஒரு நாளும் சுவைச்சுக் குடிச்சதில்ல, தெரியுமா? மருந்து குடிக்கிற மாதிரி கண்ணை மூடிக்கிட்டு ஒரே மடக்கு."

அவள் மூன்றாம் படிவம் படிக்கும்போது அவர் இறந்தார். இத்தனை வருட நட்பில் அவள் அப்பாவைப் பற்றி எங்களிடம் இவ்வளவு பேசியது அன்றுதான். அந்த மேசையில் அவள் சொன்ன இன்னொன்றும் எனக்கு மறக்கவில்லை: "எல்லாரும் அவரைக் குடிகாரன்னு சொன்னாங்க. உடம்பு வலிக்கிறவர்னு ஒருத்தரும் சொல்லல."

ஒயின் உயர்ந்தது, கள் தாழ்ந்தது என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். சாராயச்சத்து இரண்டிலும் ஒன்றேதான். அங்கே போத்தலிலேயே எத்தனை 'அளவு' இருக்கிறது என்று அச்சிடுகிறார்கள். ஓர் அளவு என்றால் 10 கிராம். ஒயினில் ஏறக்குறைய 100 மில்லிலிட்டர். கள்ளில் கால் லிட்டருக்குச் சற்று மேல். கணக்குப் போட்டால் ஒயின்தான் சீக்கிரம் ஏறும். மாறுவது சூழ்நிலை. நியூசிலாந்தின் 2012ஆம் ஆண்டுச் சட்டப்படி மது பரிமாறும் இடத்தில் உணவும் மதுவில்லாத பானமும் கட்டாயம் இருக்க வேண்டும். பாதுகாப்பாக வீடு திரும்பும் வழியையும் சொல்லித் தர வேண்டும். போதையில் இருப்பவருக்கு மேலும் ஊற்றினால் குற்றம்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2020 அக்டோபரிலிருந்து 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வாகனம் ஓட்டக் கூடாது; அங்கேயும் அதே வரம்புதான். குடித்துவிட்டு ஓட்டி ஒருவர் இறந்தால் 10 முதல் 15 ஆண்டு சிறை. இருந்தும் கல்யாண விருந்து முடிந்து கார் நிறுத்துமிடத்தில் நடப்பதை நாம் எல்லாரும் பார்த்திருக்கிறோம். மலிவான கள்ளச் சரக்கின் கதை இன்னும் கொடுமை. 2018 செப்டம்பரில் கிள்ளான் பள்ளத்தாக்கில் மெத்தனால் கலந்த மதுவைக் குடித்துப் பலர் இறந்தார்கள். அதிலும் பெரும்பாலோர் தொழிலாளர்கள், வெளிநாட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள். ஒரு காலத்தில் நம் தாத்தாக்கள் இருந்த இடத்தில் இன்று அவர்கள்.

நம் வீடுகளில் மதுவைப் பற்றி இரண்டே விதமாகத்தான் பேசுகிறோம். ஆண்கள் கூடினால் கேலி, பெண்கள் கூடினால் கண்ணீர். நடுவே ஒரு பேச்சு வேண்டும். யார் ஓட்டப் போகிறார்கள், சாப்பிட்டாயா, வேண்டாம் என்பவரை விட்டுவிடு, தினமும் தேவைப்படுகிறது என்றால் மருத்துவரைப் பார்ப்போம் என்று சாதாரணக் குரலில் பேசும் பேச்சு. மேல்நிலைப் பள்ளி வயதுப் பிள்ளைகளின் காதில் அது விழ வேண்டும்.

ஊர் திரும்பியதும் படங்களைப் பாட்டியிடம் காட்டினேன். முப்பது வருடம் பால்மரம் வெட்டியவர். மலை, கடல், கண்ணாடிக் குவளை எதிலும் அவர் கண் நிற்கவில்லை. கூடையோடு குனிந்திருந்தவர்களின் படத்தில் விரலை வைத்தார்.

"பறிக்கிறவங்களுக்கும் அந்த ஒயினைக் குடுப்பாங்களா?"

"அறுவடை முடிஞ்சா விருந்து வச்சுக் கொடுப்பாங்களாம், பாட்டி."

"குடுத்துட்டு சம்பளத்துல கழிக்க மாட்டாங்களே?"

பிறகு அவரே தொடர்ந்தார். "சம்பள நாள்ல பிள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு ஆபிஸ் வாசல்ல நிப்போம். அவர் கடைப் பக்கம் திரும்புறதுக்குள்ள அரிசிக் காசைக் கையில வாங்கிடணும். நான் மட்டுமா? ஒரு வரிசையே நிக்கும்."

அன்று இரவு அதை அப்படியே ஆசிரியைத் தோழிக்குக் குரல் பதிவாக அனுப்பினேன். பதில் வரக் கொஞ்ச நேரம் ஆனது. "எங்கம்மாவும் நின்னிருக்காங்க. அந்த இடுப்புல இருந்தது நான்."